கேட்கும் வயது

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு, அருப்புக்கோட்டை கானவிலாச சபையின் வாசலில் இளவட்டக்கல்லை மாட்டுவண்டியிலிருந்து இறக்கினார்கள்.

கல் திருச்சுழிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்திருந்தது. ஒரு காலத்தில் அதைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போட்டவனுக்குத்தான் அந்த ஊரில் பெண் கொடுத்தார்கள். பிறகு வெகுநாள் ஆடு மேய்க்கிறவர்கள் அதன் மேல் உட்கார்ந்திருந்தார்கள். இப்போது சபைக்குத் தேவைப்பட்டது. 'வயது வந்தோருக்கு மட்டும்' என்று போர்டு மாட்டியாகிவிட்டது. வந்தவர்களில் யாருக்கு வயது வந்திருக்கிறது என்று பார்க்க ஏதாவது வேண்டும்.

வண்டியை ஓட்டி வந்தவர் சங்கையா. அவரைக் கண்டதும், வரிசையில் நின்ற முருகேஸ்வரி தன் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள். சங்கையா அவளுடைய தாய்மாமன். அவள் கழுத்தில் அன்று காலை வாங்கிய மஞ்சள் கயிறு ஒன்று சேலைக்குள் கிடந்தது. அதை அவர் பார்த்துவிடக் கூடாது.

அவளுக்குப் பதினாறு வயது. பாலவனத்தத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து பதினோராம் வகுப்புப் படித்தாள். அடுத்த மாதம் அரசுப் பரீட்சை. தேறினால் மதுரைக்குப் போய்ப் பாட்டு டீச்சருக்குப் படிப்பதாக இருந்தாள். மகன் மாரிச்சாமிக்கு அவளைக் கேட்டு சங்கையா இரண்டு வருஷமாக வந்து போய்க்கொண்டிருந்தார். "படிப்பு முடியட்டும்ணே" என்று சொல்லியே அம்மா கருத்தம்மாள் தள்ளிக்கொண்டு வந்தாள். புருஷன் இல்லாத வீட்டில் அண்ணன் பேச்சை அதற்கு மேல் எப்படித் தள்ளுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பாட்டு முருகேஸ்வரிக்குப் பஞ்சாயத்து ரேடியோவில் கிடைத்தது. மாலையில் விவசாயிகளுக்கான நிகழ்ச்சி முடிந்ததும் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். ரேடியோவை அணைக்க வேண்டிய ஆள் டீ குடிக்கப் போய்விடுவான். அந்த இடைவெளியில்தான் மானாமதுரை செல்லக்கிளி அம்மாள் பாடினார். ஒரு பதம். தெலுங்கு. முருகேஸ்வரிக்கு ஒரு வார்த்தைகூடப் புரியாது. குரல் மட்டும் கிணற்றுப் படியில் இறங்குகிறவளைப்போல ஒவ்வொரு படியாக நின்று நின்று இறங்கும். கடைசிப் படிக்கு வரும்போது டீக்குப் போனவன் திரும்பி வந்து ரேடியோவை அணைத்துவிடுவான். மூன்று முறை அந்தப் பாட்டு வந்தது. மூன்று முறையும் அணைத்தான். அந்தக் குரல் கடைசியில் எங்கே போய் நிற்கிறது என்பது அவளுக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கயிறு.

போன ஆண்டுவரை சபைக்கு யாரும் போகலாம். தலைவர் ராஜகுரு நூல் வியாபாரி. ஆண்டுதோறும் முன்வரிசையில் உட்கார்ந்து, செல்லக்கிளி அம்மாள் அந்தப் பதத்தைத் தொடங்கியதும் கண்ணை மூடிக் கை கூப்பிவிடுவார். முருகனைப் பற்றியது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். சில ஆண்டுகளில் கண்ணீரும் வந்தது.

போன ஆண்டு, தன் காட்டில் விளைந்த மல்லி மூடை விற்க வந்த பால்ச்சாமி என்ற சம்சாரியைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டார். பால்ச்சாமியின் வீட்டில் தெலுங்குதான் பேச்சு. தலைவர் கண் திறக்காமலே, "எப்படி?" என்று கேட்டார்.

"அந்தம்மா நல்லாத்தான் பாடுது மொதலாளி. ஆனா வீட்டுச் சண்டைய இம்புட்டுப் பேருக்கு முன்னால சொல்லணுமா?"

"என்ன சண்டை?"

"ராத்திரி எவ வீட்டுல கெடந்த, ஒந் தோள்ல இருக்க சந்தனம் என் வீட்டுச் சந்தனம் இல்லையேன்னு கேக்குது. அந்த ஆளு திருதிருன்னு முழிக்கான். எங்க ஊரா இருந்தா கூட்டம் போட்டு அவராதம் வாங்கியிருப்போம்."

ராஜகுருவின் கூப்பிய கை அப்போதுதான் இறங்கியது.

மறுவாரம் அவசரக் கூட்டம் நடந்தது. பாட்டை நிறுத்திவிடலாம் என்றார் ஒருவர். தலைவர் ஒப்பவில்லை.

"பாட்டுல தப்பு இல்ல. கேக்குற வயசுலதான் தப்பு. நான் இத்தனை வருசமாக் கேக்கேன். எனக்கு ஏதாச்சும் ஆச்சா? ஏன் ஆகல? எனக்கு வயசு வந்திருச்சு."

எந்த வயது என்பதில் தகராறு வந்தது. செயலாளர் அருஞ்சுனை, சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர், சட்டப்படி விளக்கினார். "பஸ்ஸுல முழு டிக்கெட்டுக்குப் பன்னிரண்டு. பொம்பளைப் பிள்ளைக்குக் கல்யாணம் பண்ணப் பதினைஞ்சு. ஓட்டுப் போட இருபத்தொண்ணு. சங்கீதம் கல்யாணத்தை விடப் பொறுப்பான காரியம். ஓட்டு அளவுக்கு இல்லை." பதினெட்டு என்று ஏகமனதாக முடிவானது.

ஆபத்து யாருக்கோ அவர்களை எச்சரிக்க வேண்டும் அல்லவா? பதத்தின் பொருளைச் செந்தமிழில் பெயர்த்து, எந்தெந்த வரியில் என்னென்ன கெடுதல் என்று குறிப்பு எழுதி, நோட்டீஸ் அடித்துப் பள்ளிக்கூட வாசல்களில் கொடுத்தார்கள். முருகேஸ்வரியின் வகுப்பில் ஒரே நாளில் எல்லோருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. செய்யுள் மனப்பாடப் பகுதியில் தவறியவர்கள்கூட அதை நிறுத்தாமல் ஒப்பித்தார்கள். கர்நாடக சங்கீதம் என்றால் தூங்கிவிடுகிற பிள்ளைகள் கச்சேரி எப்போது என்று விசாரித்தார்கள். கடைசி அடி மட்டும் நோட்டீஸில் இல்லை. 'மிகக் கொடியது, தவிர்க்கப்பட்டது' என்று போட்டிருந்தது. அந்த அடி வருவதற்குள் பால்ச்சாமி தூங்கிப்போயிருந்தார்.

வயதுக்கு அத்தாட்சி கேட்பதிலும் சிக்கல். இந்த வட்டாரத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஜூன் முதல் தேதிதான் பிறந்திருந்தார்கள். வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஐந்து வயது என்று வாத்தியார் எழுதிக்கொள்வார். தலைவருடைய மக்களும் அப்படிச் சேர்ந்தவர்கள்தான்.

"காதைத் தொட்டவனுக்கு அஞ்சுன்னா, கல்லைத் தூக்குனவனுக்குப் பதினெட்டு" என்றார் அருஞ்சுனை.

"பொம்பளைகளுக்கு?"

"கழுத்தைப் பாத்தாத் தெரியும்."

இந்தப் பேச்சு பாலவனத்தம் வந்து சேர்ந்ததும் முருகேஸ்வரி கயிறும் ஒரு துண்டு விரலி மஞ்சளும் வாங்கிக் கட்டிக்கொள்வது என்று முடிவு செய்தாள். புருஷனும் கூட வர வேண்டும் என்ற விதி இரண்டு நாள் கழித்து வந்தது. அவள் யோசித்துப் பார்த்து மாரிச்சாமியிடமே கேட்டாள். இருபத்தேழு வயது, அதிகம் பேசாதவன், கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாதவன்.

"கேட்டுல யாராச்சும் கேட்டா மட்டும் புருசன்னு சொல்லு மச்சான். உள்ள போனதும் நீ பீடி குடிக்கப் போயிரலாம்."

"எங்கய்யாவுக்குத் தெரிஞ்சா?"

"அவுகளுக்கு எப்படித் தெரியும்? கச்சேரிக்கா வரப் போறாக?"

"எம்புட்டு நேரம் பாடுவாக?"

"மூணு மணி நேரம்."

"அம்புட்டு நேரமும் நான் புருசனா இருக்கணுமா, ஏ புள்ள?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். கருத்தம்மாள் சிரிக்கவில்லை. "வெளாட்டுக்குப் போடுற சாமானாடி அது?" என்றாள். ஆனாலும் மகளைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் கூட வந்தாள்.

வாசலில் முதல் ஆளாகத் தலைவர்தான் தூக்க வேண்டும் என்று கூட்டம் சொன்னது. ராஜகுரு குனிந்து கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நிமிர்ந்தார். "தலைவரவர்கள் கல்லைத் தொடங்கி வைத்தார்கள்" என்று அருஞ்சுனை அறிவித்தார். கமிட்டிக்காரர்களுக்குக் கல் கிடையாது என்று அங்கேயே தீர்மானம் ஆனது. பிறகு நாற்காலி டிக்கெட் வாங்கியவர்களுக்கு. பிறகு குடலிறக்கம் உள்ளவர்களுக்கு. பிறகு பெண்டாட்டியோடு வந்தவர்களுக்கு. கடைசியில் தனியாக வந்த தரை டிக்கெட்காரர்களுக்கு மட்டும் கல் மிஞ்சியது.

காரியாபட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன், மீசை அரும்பாதவன், கல்லை அலாக்காகத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போட்டுவிட்டு உள்ளே போனான். கொஞ்ச நேரத்தில், "சினிமாப் பாட்டு கெடையாதாம்" என்று வெளியே வந்துவிட்டான். அடுத்து வந்த ஆரம்பப் பள்ளி வாத்தியாரால் கல்லை அசைக்க முடியவில்லை.

"அடுத்த வருசம் பாப்போம்" என்றார் அருஞ்சுனை.

"அடுத்த வருசம் எனக்கு நாப்பத்தொண்ணு" என்றார் வாத்தியார்.

"வரட்டும். அவசரப்படாதீக."

மிருதங்கக்காரரையும் நிறுத்தினார்கள். பால்பாண்டி என்று பெயர், பதினாறு வயது. பிள்ளை கை வீங்கினால் வாசிப்பது யார் என்று செல்லக்கிளி அம்மாள் உள்ளேயிருந்து ஆள் அனுப்பிக் கேட்டார். கமிட்டி கூடிப் பேசியது. அவன் வாசிக்கலாம், கேட்கக் கூடாது என்று முடிவாகி, இரண்டு காதிலும் பஞ்சு அடைத்து அனுப்பினார்கள். பஞ்சுக்கு அந்த ஊரில் குறைச்சல் இல்லை.

கருத்தம்மாளின் முறை வந்தது. அருஞ்சுனை அவள் கழுத்தைப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லையே."

"அவுக போயி ஒம்பது வருசமாச்சுங்கய்யா."

"அது நீங்க சொல்றது. சபைக்கு அத்தாட்சி வேணும்."

"இவ எம் மகய்யா. நான் பெத்தவ. எனக்கு வயசு வரலைன்னா இவ எப்படி?"

"அவுக விசயம் வேற, உங்க விசயம் வேற. கயிறு இல்லாட்டா வயது வராதவுகதான். சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணு. அங்கிட்டுப் போய் நில்லுங்க பாப்பா."

அவர் கேலி செய்யவில்லை. கயிறு இல்லாத எல்லோரையும் அன்று அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வயது வராதவர்களுக்காகக் கயிறு கட்டி மறித்த இடத்தில், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நடுவே, கருத்தம்மாள் வெள்ளைச் சேலையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு போய் நின்றாள். பிள்ளைகள் அவளுக்கு இடம் விட்டார்கள்.

"இது யாரு?" என்று அருஞ்சுனை முருகேஸ்வரியைக் காட்டி, அவளுக்குப் பின்னால் நின்ற மாரிச்சாமியிடம் கேட்டார்.

"எம் பொஞ்சாதி" என்றான் மாரிச்சாமி. சொல்லும்போது தரையைப் பார்த்தான்.

அருஞ்சுனை கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "கயிறு புதுசா இருக்கே."

"மாத்திக் கட்டுனதுங்கய்யா" என்றாள் முருகேஸ்வரி.

"கல்யாணம் எங்க?"

"திருச்சுழிக் கோயில்ல" என்றாள் அவள். "பாலவனத்தத்துல" என்றான் அவன். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

அருஞ்சுனையின் முகம் மலர்ந்தது. ஓய்வு பெற்றபின் இப்படி ஒரு நாள் வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "முப்பது வருசம் ரிஜிஸ்தர் ஆபீஸ்ல இருந்தவன் நான். என் கண்ணு முன்னால நடக்காத எதையும் நடந்ததா நான் ஒத்துக்கிட்டதே கெடையாது. கயித்தைக் கழட்டுங்க."

"அய்யா?"

"கழட்டி, என் முன்னால மறுபடி கட்டட்டும். நான் பாத்துட்டா அது போதும். உள்ள போகலாம்."

உள்ளே தம்புரா சுருதி கூட்டுவது கேட்டது. கழற்றி மறுபடி கட்டுவதுதானே என்று முருகேஸ்வரி நினைத்தாள். தானே முடிச்சை அவிழ்த்து மாரிச்சாமி கையில் கொடுத்தாள். அவன் அதை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எத்தனை முடிச்சு?"

"மூணு" என்றார் அருஞ்சுனை.

பாடகியை வரவேற்க அமர்த்திய மேளக்காரர்கள் வாசல் ஓரத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். தவில்காரர் நிமிர்ந்து பார்த்தார். ஒரு பெண்ணின் கழுத்துப் பக்கம் மஞ்சள் கயிறு போகிறது. கை தானாகத் தவிலுக்குப் போயிற்று. கெட்டிமேளம் முழங்கியது. மேளம் கேட்டதும் வரிசையில் நின்ற சம்சாரி வீட்டுப் பெண்கள் என்ன ஏது என்று பாராமல் குலவை போட்டார்கள். குலவை கேட்டால் எதையாவது தூவ வேண்டும் என்பது ராஜகுருவுக்குத் தெரியும். பாடகிக்காக வைத்திருந்த உதிரிப்பூவை அள்ளித் தூவினார். மாலைகளும் தட்டில் இருந்தன.

மூன்றாவது முடிச்சு விழும்போது முருகேஸ்வரி திரும்பி அம்மாவைப் பார்த்தாள். மறித்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் அம்மா இல்லை. மேளம் கேட்டவுடன், தாலி ஏறுகிற இடத்துக்கு எதிரே தான் நிற்கக் கூடாது என்று கருத்தம்மாள் வண்டிக்குப் பின்னால் போய்விட்டாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களுக்கு நடுவே அவள் சேலை மட்டும் தெரிந்தது.

சங்கையா கல்லுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து தலைவரைக் கும்பிட்டார்.

"ஊரு கூடி, மேளம் கொட்டி, பெரியவுக பூப் போட்டு நடந்திருச்சு. ரெண்டு வருசமா எந் தங்கச்சிகிட்ட நடையா நடந்தேன். சபை ஒரு நிமிசத்துல முடிச்சுவிட்ருச்சு."

"மாமா, இது கேட்டுல காட்டக் கட்டுனது" என்றாள் முருகேஸ்வரி.

"எல்லாரும் யாருக்காச்சும் காட்டத்தான தாயி கட்டுறாக."

அவள் அருஞ்சுனையிடம் திரும்பினாள். "அய்யா, நீங்க கழட்டச் சொல்லித்தான... நாங்க சும்மா..."

"இனிமே எனக்குச் சந்தேகமே இல்லம்மா" என்றார் அவர், மிகுந்த பரிவோடு. "எந்தக் கோர்ட்டுல கூப்பிட்டாலும் வந்து சாட்சி சொல்லுவேன். உள்ள போங்க. ஆரம்பிக்கப் போறாக."

இருவரையும் முன்வரிசையில் தலைவருக்குப் பக்கத்தில் உட்கார்த்தினார்கள். மாரிச்சாமி பீடி குடிக்கப் போகவில்லை. மாலை கசங்காமல், போட்டோவுக்கு உட்கார்கிறவனைப்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

ராஜகுரு மைக்கைப் பிடித்தார்.

"நம்ம சபை பிள்ளைகளுக்கு எதிரி இல்லை. இதே வாசல்ல சித்த முந்தி ஒரு சின்னப் பெண் வந்துச்சு. நாம அதை விரட்டி விட்டோமா? இல்லை. அதுக்கு வயசை வரவழைச்சு உள்ள கூட்டியாந்து உக்கார வச்சிருக்கோம். இந்தச் சேவையை வேற எந்த ஊர்ச் சபையாவது செஞ்சிருக்கா? இனிமே வருசா வருசம் செய்யலாம்னு உத்தேசம்."

கைதட்டல் அடங்க நேரமானது. முருகேஸ்வரியும் கை தட்டினாள். எல்லோரும் தட்டும்போது கை தானாகச் சேர்ந்துகொண்டது.

செல்லக்கிளி அம்மாள் பாடினார். ரேடியோவில் கேட்டதை விடக் குரல் தளர்ந்திருந்தது, கிழடு தட்டியிருந்தது, ஆனால் அதே குரல். முருகேஸ்வரி கழுத்தில் உறுத்துவதை மறந்தாள். ஒவ்வொரு உருப்படி முடியும்போதும் அடுத்தது அதுவாக இருக்கும் என்று காத்திருந்தாள். மணி ஏழை நெருங்கியது. பாடகி தண்ணீர் குடித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். அவளுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்தது அதுதான்.

அருஞ்சுனை மேடை ஏறினார்.

"ஒரு சிறு வேண்டுகோள். இது கண்ணியமான அவை. வயது வந்தவர்கள் மட்டுமே கூடியிருக்கிறார்கள். புதுமணத் தம்பதிகூட வந்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட அவையில் அந்தப் பதத்தைப் பாடுவது முறையாக இருக்காது. சின்னப் பிள்ளைகள் முன்னால் என்றால் அவர்களுக்கு ஒன்றும் விளங்காது, பாதகமில்லை. பெரியவர்களுக்கு விளங்கிவிடும். ஆகவே அம்மையார் மங்களம் பாடி நிறைவு செய்யலாம்."

செல்லக்கிளி அம்மாள் தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு மங்களத்துக்குச் சுருதி சேர்க்கச் சொல்லித் தம்புராவின் பக்கம் கையைக் காட்டினார். மிருதங்கக்காரப் பிள்ளைக்கு ஒன்றும் கேட்கவில்லை. காதில் பஞ்சு. வழக்கமாக இந்த இடத்தில் அந்தப் பதம்தான் வரும். அவன் தலையைக் குனிந்துகொண்டு, பாட்டே இல்லாமல், அதற்கான நடையை மெதுவாக வாசிக்கத் தொடங்கினான். படிப்படியாக இறங்கி வந்தான். முருகேஸ்வரி மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள். கடைசிப் படிக்கு வருவதற்குள் வயலின்காரர் எட்டி அவன் முழங்காலைத் தொட்டுவிட்டார்.

மங்களம் முடிந்தது. நாற்காலிகள் நகர்ந்தன. யாரோ வெளியே சங்கையாவின் மாடுகளை ஓட்டி வந்து வண்டியில் பூட்டுவது கேட்டது. மாரிச்சாமி எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "இந்தா, வா" என்றான். காலைவரை 'ஏ புள்ள' என்று கூப்பிட்டவன். ஊரில் பெண்டாட்டியை எல்லோரும் 'இந்தா' என்றுதான் கூப்பிடுவார்கள். குரலில் அதட்டல் எதுவும் இல்லை. அவள் செருப்பைத் தேடி எடுத்துக் காலருகே போட்டுவிட்டு, முன்னால் இரண்டடி நடந்து, அவள் வருகிறாளா என்று திரும்பிப் பார்த்தான்.

வாசலுக்கு அப்பால் பஸ் நிற்கிற இடத்தில் கருத்தம்மாள் தனியாக நின்றுகொண்டிருந்தாள். இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

முருகேஸ்வரி மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"மச்சான், எங்கம்மா பஸ்ஸுக்கு நிக்குது. நான் அது கூடவே போயிரட்டுமா?"